முன் சக்கரத்தில் பூசிய கிரீஸ்

1

நான் நெதர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தாறு வருடம் ஆகிறது. அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஊர் நண்பர் ஒருவர் நாலைந்து வருடமாகக் கேட்டு, அலுத்துப்போய், இப்போது கேட்பதையே விட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. எழுத ஒன்றுமில்லை என்றுதான் நானும் இருந்தேன். காலை நாலரைக்கு எழுந்து மீன் வெட்டும் தொழிற்சாலைக்குப் போகிறேன். மதியம் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறேன். பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்தவன் இத்தனை தூரம் வந்து செய்வதும் மீன் வேலைதான். என்ன, அங்கே மீன் துடித்துக்கொண்டு வரும், இங்கே ஐஸ் பெட்டியில் விறைத்துக்கொண்டு வருகிறது.

ஊரை நினைத்து உருகி எழுதவும் எனக்கு வராது. உப்பும் வெயிலும் வாடிய மீன் நாற்றமும் போதும் என்றுதான் கிளம்பினேன். கப்பலில் கூலியாக வந்து இறங்கியவன், பிறகு பொன்னேரிக்குப் போய் சுகுணாவைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஒரே பெண், ரோகிணி. இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். மர வேலை கற்றுக்கொண்டு தச்சராக இருக்கிறாள். பெண் தச்சர் என்றால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பொன்னேரியில்தான் என் மாமியார் இன்னும் அதை 'டிசைனிங்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இந்த வசந்தத்தில் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்பு. விஷயம் ஒரு பழைய வண்டியின் பிரேக்.

2

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மேசை எல்லாம் உள்ளே இருக்கும் வீட்டு வண்டி. நம் ஊரில் சினிமாக்காரர்கள் உட்காருகிற கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதியாகச் சுருக்கி, ஐம்பது வருடம் பழசாக்கி, ஓரத்தில் கொஞ்சம் பாசி பிடிக்க விட்டால் எங்கள் வண்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது ரோகிணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பேருக்கும் காலையில் கிளம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

ரோகிணிக்கு ஆஸ்திரியாவில் வேலை கிடைத்தது. மலைமேல் இருக்கிற பழைய மர வீடுகளைப் பழுது பார்க்கிற குழு. இன்று இந்த மலை, அடுத்த மாதம் வேறு மலை. அதனால் வண்டியிலேயே குடியிருக்கப் போகிறேன் என்றாள். எத்தனை நாளைக்கு என்று சுகுணா கேட்டாள். தெரியாது என்றாள். திரும்பி வருவேன் என்று மட்டும் அவள் சொல்லவேயில்லை. நானும் கேட்கவில்லை.

நான் கேட்டது பிரேக்கைப் பற்றி. இந்த வண்டி பிறந்ததிலிருந்து மேசைமாதிரித் தட்டையாக இருக்கிற இந்த நாட்டில் ஓடியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறும். சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிடிக்காது. தண்ணீரும் தட்டுமுட்டும் ஏற்றிய வண்டி வேறு. முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டு, மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்கிற சர்வோ டப்பாவும் வைத்தால்தான் அனுப்புவேன் என்றேன். அவள் சரி என்றாள். இது அக்கறையா, இழுத்தடிப்பா என்று அப்போது யோசிக்கவில்லை.

இங்கே சக்கரத்தில் ஒரு போல்ட்டை மாற்றுவதற்கும் மனு உண்டு. படிவத்தில் 'மாற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம். நான் 'மகள்' என்று எழுதினேன். விளக்கம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ரோகிணி சிரித்துவிட்டு, பத்து வரி எழுதி, படம் வரைந்து அனுப்பினாள். அப்புறம் அடையாளத்தைச் சரிபார்க்க நேரில் வரச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் என் பிறந்த ஊரை எழுத்தெழுத்தாகப் படித்தான். உங்கள் டச்சு ஆட்கள் அந்தக் காலத்தில் கோட்டை கட்டியிருந்த ஊர் அது, கல்லறைகூட இன்னும் இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள் என்றேன். சுவாரசியம் என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தைக் கேட்டான். அங்கே படுத்திருக்கிறவர்கள் எந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்துவிட்டு வந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அதை டச்சில் கேட்பதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார் என்று பேசாமல் திரும்பிவிட்டேன்.

3

லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் ஓட்டிப் பழகியது பைபர் படகு. அதற்கு பிரேக் கிடையாது. கரைக்கு வரும்போது ஒரு நல்ல அலையாகப் பார்த்து அதன் மேல் ஏறி, எஞ்சினை முழுசாக முடுக்கி, அடியில் மண் தட்டுகிற நேரத்தில் எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். படகு மணலில் ஏறித் தானாக நிற்கும். நிறுத்துகிற வேலை நம்முடையது இல்லை, மண்ணுடையது. அந்தப் பழக்கத்தால் இங்கே ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே காலை எடுத்துவிட்டு வண்டியை மிதக்க விடுவேன். பின்னால் வருகிறவன் வயிற்றெரிச்சலில் ஹாரன் அடிப்பான்.

ஆகவே பிரேக் வேலையில் ரோகிணிதான் மேஸ்திரி. நான் கையாள். வீடியோ பார்த்து, பழைய கையேட்டைப் படித்து, அவள் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஐம்பது வருடத் துருவை உடைக்க எனக்குத் தெரியும். டிரம்மைக் கழற்றி, டிஸ்க்கை மாட்டி, அதைக் கவ்வுகிற காலிப்பரைப் பொருத்தி, குழாய்களைப் புதுசாக இழுத்தோம். சனி ஞாயிறாக ஆறு வாரம் பிடித்தது.

வீட்டில் அவள் பேசுவது டச்சு. பசி, கோபம், வண்டி வேலை இந்த மூன்றுக்கு மட்டும் தமிழ். அதுவும் என் குப்பத்துத் தமிழ். என்னை நைனா என்று கூப்பிட்டு நீ, வா, போ என்றுதான் பேசுவாள். சுகுணாவுக்கு அதில் வருத்தம் உண்டு.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். அவள் கீழே, நான் மேலே.

"மிதி நைனா."

"மிதிச்சேன்."

"புடி. உட்றாத... உம், இப்ப உடு."

"இன்னும் எத்தினி தடவ?"

"கொமிழி வர்து. வேல முடியறதுக்குள்ள இன்னா அவசரம் உனுக்கு?"

எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நாள் முழுக்க அப்படியே மிதித்துக்கொண்டிருக்கச் சொன்னாலும் மிதித்திருப்பேன்.

4

வேலை முடிந்தது. மாற்றம் செய்த வண்டியை அரசாங்கச் சோதனை நிலையத்தில் காட்டி முத்திரை வாங்காமல் ஓட்டக் கூடாது. சோதனை நாளன்று மட்டும் அங்கே ஓட்டிப் போகலாம். தேதி கேட்டதற்கு இன்னும் ஒரு மாதம் என்றார்கள். வண்டி வாசலில் நின்றது.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை அடித்துவிட்டுப் போகும். இந்த மழை வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடவே கடல் காற்று. ஐந்தாறு நாளில் அந்தப் புது டிஸ்க் முகத்தில் ஆரஞ்சு நிறம் படர்ந்திருந்தது. இரண்டு தடவை பிரேக் பிடித்தால் உதிர்ந்து போகிற மெல்லிய துரு அது. தெரிந்தவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கள் குப்பத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியை விட்டுவைக்காது, பூட்டை விட்டுவைக்காது, சைக்கிள் செயினை விட்டுவைக்காது. கார்த்திகை மாதத்தில் புயல் எச்சரிக்கை வந்து நாள் கணக்கில் கடலுக்குப் போக முடியாவிட்டால், முதல் வேலையாக எஞ்சினைக் கழற்றுவோம். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, இரும்பு தெரிகிற இடமெல்லாம் கிரீஸ் பூசி, பழைய லுங்கியில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்போம். நடு வீட்டில் அது படுத்திருக்கும். நாங்கள் ஓரத்தில் ஒடுங்கிக்கொள்வோம். மறுபடி கடலுக்குப் போகிற அன்று துடைத்துவிட்டு மாட்டுவோம். சும்மா கிடக்கிற இரும்புக்கு கிரீஸ் பூச வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாப்பிட்டால் கை கழுவுவதுபோல அது ஒரு பழக்கம்.

ரோகிணி வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம் சக்கரங்களைக் கழற்றினேன். டிஸ்க்கின் இரண்டு முகத்திலும் விரலால் மெலிதாக கிரீஸ் பூசினேன். சோதனைக்கு முதல்நாள் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். பிரேக்கில் எண்ணெய்ப் பசை படக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கை அந்த நேரத்தில் என்னைக் கேட்கவில்லை. சக்கரத்தை மாட்டிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்தேன்.

5

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. யாரோ வரவில்லையாம். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு இடம் காலியாக இருக்கிறதாம். ரோகிணி குதித்தாள். அந்த முத்திரை கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிடலாம் என்றாள். சுகுணா உள்ளே போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள், ஏற்கெனவே துலக்கிய பாத்திரம்.

இனி எழுதப் போவதை சுகுணாவிடம்கூட நான் அப்போது சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனேன். வண்டி நின்றது. சக்கரத்துத் துளைகளுக்குள்ளே டிஸ்க் பளபளத்தது. கிரீஸ் ஞாபகம் வந்தது. சக்கரத்தைக் கழற்றி, துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க அரை மணி நேரம் ஆகும். வெளிச்சமும் இருந்தது. நான் அங்கேயே நின்றேன். துடைக்காமல் விட்டால் சோதனையில் தோற்கும், இன்னொரு தேதிக்கு இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. காலையில் துடைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தேன். காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறவனுக்கு ஏது காலை? அது அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

சோதனை நிலையம்தான் என் மனசில் இருந்தது. அது வரைக்கும் போகிற சாலை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. என் மகள் அந்த பிரேக்கை நம்பி ஒன்பது மைல் ஓட்டிப் போக வேண்டும் என்பது வியாழக்கிழமை காலையில், பெட்டிக்குள் கையை விட்டு மீனை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கையுறையோடு ஓடினேன். அலமாரியிலிருந்து போனை எடுத்து நாலு தடவை அடித்தேன். ஓட்டும்போது அவள் போனை எடுக்க மாட்டாள். நான் சொல்லிக் கொடுத்த நல்ல பழக்கம்.

ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். வீட்டுக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

6

நடந்தது இது. கிளம்பும்போதே பிரேக் மந்தமாக இருந்திருக்கிறது. புதுசு பழகுவதற்குக் கொஞ்சம் ஓட வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வழியில் ஒரு வாய்க்கால் பாலம். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார்கள், சாலையில் தடுப்புக் கட்டை இறங்கும். கட்டை இறங்கியபோது மிதித்திருக்கிறாள். முன் சக்கரம் பிடிக்காமல் உருண்டுகொண்டே போயிருக்கிறது. கைபிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, கட்டைக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறாள். அங்கிருந்து ஊர்ந்து ஊர்ந்து சோதனை நிலையத்துக்குப் போய், அங்கே உருளைமேல் வண்டியை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். முன் பிரேக் இருக்கிற மாதிரியே மீட்டர் காட்டவில்லை. சோதனை செய்தவர் டிஸ்க்கை விரலால் தொட்டு, அந்த விரலை அவளிடம் காட்டினாராம்.

வீட்டில் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அழுகை எல்லாம் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"முன் சக்கரத்துல இன்னா பூசின?"

"கிரீஸ்."

"ஏன் நைனா?"

"துரு புடிச்சிக்கிச்சி. நிக்கிற வண்டிதானேன்னு..."

"நேத்து ஏன் தொடைக்கல?"

"மறந்துட்டேன்மா."

அவள் டச்சில் பேசினாள். நான் போகக் கூடாது என்றால் வாயால் சொல்லியிருக்கலாமே, உனக்குத்தான் இரண்டு மொழி தெரியுமே என்றாள். மறந்துவிட்டேன் என்றுதான் மறுபடியும் சொன்னேன். டச்சிலும் சொன்னேன். எந்த மொழியில் சொன்னாலும் அது பொய்யாகவே இருந்தது.

அவள் எழுந்து மாடிக்குப் போனதும் சுகுணா அடுப்பை அணைத்தாள்.

"நெஜமா மறந்துட்டீங்களா?"

"நீயுமா?"

"கேக்கறேன். அவ போறது எனக்கும்தான் புடிக்கல. ஆனா நான் பூசல."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

7

தம்பி கஜேந்திரன் குப்பத்திலேயே இருக்கிறான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டேன். பின்னால் அலைச் சத்தமும், யாரோ மீன் ஏலம் விடுகிற சத்தமும் கேட்டது. அவனிடமும் பாதிதான் சொன்னேன்: கிரீஸ் பூசியது, மறந்தது.

சிரித்தான். இருமல் வரும் வரைக்கும் சிரித்தான்.

"பிரேக்குக்கு கிரீஸா? இன்னாண்ணா நீ! நம்மாளுங்கதான் இத்தச் செய்வானுங்க. நானா இருந்தாலும் பூசியிருப்பேன்."

"சிரிக்காதடா. பாப்பா என்கூட பேசறதில்ல."

"அது இன்னா நெனச்சிக்கிச்சு, வேணும்னே செஞ்சேன்னா?"

"ஆமா."

"செஞ்சியா?"

ஏலம் விடுகிற குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரி உடு," என்றான் கஜேந்திரன். "இங்க மட்டும் இன்னா வாழுது? எம்புள்ள கடலுக்கு வரமாட்டேன்னு மீஞ்சூர் கம்பெனிக்குப் போறான். போன வருசம் அவன் சைக்கிள் காத்த நான் ரெண்டு தபா புடுங்கி உட்டேன். காலைல பஸ்ஸ உட்டுட்டா வூட்லியே இருப்பான்னு. மூணாம் நாளு பஸ்ஸுக்கு நடந்தே போய்ட்டான்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். எங்கயாவது விழுந்து வாரியிருந்தா நான் இன்னா ஆயிருப்பேன்? சொன்னேன். ஒரு வாரம் மூஞ்சியத் திருப்பிக்கினான். அப்பறம் சோறு போடுன்னு வந்து ஒக்காந்தான்."

காற்று இறங்கிய சைக்கிளில் யாரும் பாலத்தை நோக்கிப் போக மாட்டார்கள். என் கதை அப்படியில்லை. அதை அவனிடம் சொல்லாமல் போனை வைத்தேன்.

8

டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேடில் கிரீஸ் ஊறிவிட்டால் கழுவிப் பயனில்லை. ரோகிணி புது பேட் வரவழைத்தாள். டிஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். அதோடு விடவில்லை. நான் கை வைத்த ஒவ்வொரு திருகையும் கழற்றித் திரும்பப் போட்டாள். குழாயில் இருந்த பிரேக் ஆயிலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினாள். என்னைக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து சுகுணாவின் குரல் கேட்டது. "மிதிச்சிட்டேன்டி. விடட்டுமா? அய்யய்யோ, விட்டுட்டேன்." வாழ்க்கையில் ஒரு நாளும் காரின் முன் சீட்டில் ஓட்டுகிற பக்கம் உட்காராதவள் அவள். வெளியே போய் நான் மிதிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டு வாசலில் நடக்கிற வேலையை ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ கவுண்டரில் நின்றிருக்கிறேன், எத்தனையோ பேர் என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குப் போல நான் வெளி ஆளாக இருந்ததில்லை.

இரண்டாவது சோதனையில் தேறியது. முத்திரைக் காகிதத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அதன் கீழே தேதி எழுதியிருந்தாள், கிளம்புகிற தேதி. அதற்கு முதல்நாள் மதியம் நான் படுத்திருந்த அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"லீவு போட முடியுமா? மூணு நாளு."

"எதுக்கு?"

"மொத மல வரைக்கும் கூட வா. அங்கேர்ந்து ரயில்ல திரும்பிடு."

நான் எழுந்து உட்கார்ந்தேன். எதற்கு என்னைக் கூப்பிடுகிறாள் என்று புரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. பையில் இரண்டு சட்டையை வைத்தேன்.

9

அந்த வண்டியில் வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லாரிக்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஜெர்மனிக்குள் ஒரு நாள் முழுக்க ஓட்டினோம். அவள் பாட்டுக் கேட்டாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், பெட்ரோல் பங்க்கில் காபி வாங்கித் தந்தாள். கிரீஸ் பற்றிப் பேச்சே இல்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும்.

மறுநாள் முற்பகல் மலை ஏறினோம். மேலே கணவாயில் பனி இன்னும் சாலையோரம் கிடந்தது. எஞ்சின் ஆற வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, பிறகு இறங்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அவள் இரண்டாவது கியரில் போட்டு, வளைவுக்கு முன்னால் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து ஓட்டினாள். வண்டி சொன்னபடி கேட்டது. என் வலது கால் மட்டும் நான் உட்கார்ந்திருந்த பக்கத்துத் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.

ஐந்தாவது வளைவோ ஆறாவதோ. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ரோகிணி, நான் மறக்கல."

அவள் திரும்பவில்லை.

"புதன்கிழம சாயங்காலமே ஞாபகம் வந்துச்சி. குப்பத்தொட்டி வைக்கப் போனேன். டிஸ்க்கப் பாத்தேன். டெஸ்ட்ல பெயிலாவட்டும்னு தொடைக்காம உட்டேன். நீ ரோட்ல ஓட்டிக்கினு போவியேன்னு எனுக்குத் தோணவே இல்ல. சத்தியமாத் தோணல. ஆனா மறக்கல."

இன்னும் இரண்டு வளைவு இறங்கினாள். நடுவில் வண்டிகள் ஒதுங்குவதற்காக விட்டிருந்த ஓரிடத்தில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்தாள். அந்த அமைதியில் பிரேக் சூடு ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்டது.

டச்சில் மெதுவாகச் சொன்னாள். பாலத்தில் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம், ஒரு பெண் சைக்கிளோடு நின்றிருக்கிறாள். பின் சீட்டில் குழந்தை. ரோகிணியின் வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது கட்டையிலிருந்து இல்லை. அந்தக் குழந்தையின் காலிலிருந்து. வீட்டில் அதைச் சொல்லவில்லை, சொன்னால் நீ தாங்க மாட்டாய் என்று விட்டுவிட்டேன், ஆனால் நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றாள். அந்தக் குழந்தை தன்னைப் பார்த்துக் கையசைத்தது என்றும் சொன்னாள்.

நின்ற வண்டியிலும் என் வலது கால் இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"எறங்கு," என்றாள்.

இறங்கினேன். பின்னால் போய்ப் படுக்கைமேல் இருந்த என் பையையும் எடுத்துக்கொண்டேன். கீழே எங்கேயோ ஒரு ஊர் தெரிந்தது. நடந்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். நியாயம்தான் என்றும் நினைத்தேன். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"பை எதுக்கு?"

"நீதான எறங்கச் சொன்ன."

"அந்தப் பக்கம் போய் ஒக்காரு நைனா. மிச்சத்த நீ ஓட்டு."

"எனுக்கு மலையில ஓட்டத் தெரியாதும்மா."

"பிரேக்கு இருக்குல்ல?"

சாவியை என் கையில் வைத்தாள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கைபிரேக்கை எடுத்ததும் வண்டி தானாகவே இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவு வந்தது, மிதித்தேன். முன்பக்கம் லேசாகத் தாழ்ந்து வண்டி அடங்கியது. காலை விட்டேன், அடுத்த வளைவுக்கு மறுபடி மிதித்தேன்.

ரோகிணி இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, சும்மா மூடியிருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. இறக்கம் முடிகிற வரைக்கும் சாலையை மட்டுமே பார்த்து ஓட்டினேன்.